நாத்தனாருக்கு ஐந்து வரி

2 ஆகஸ்ட் 2025, சனி

மோட்டார் மறுபடியும் மக்கர். காலையிலிருந்து குடம் குடமாகத் தூக்கி ஊற்றி இடுப்பு கழன்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் சிந்துஜா சமையலறை வாசலில் வந்து நின்றாள். என் நாத்தனார். இருபது வயது. குடத்தில் ஒரு கை வைக்க மாட்டாள், கையில் போன் இருக்கிறதே.

“அண்ணி, அடுத்த மாசம் செதம்பரத்துல நாடக விழால்ல, அதுக்குப் புக்லெட் போடுறாங்க. நடிக்கிறவங்க ஒவ்வொருத்தரப் பத்தியும் அஞ்சு வரி பயோ வேணுமாம். நீங்க எழுதித் தாங்களேன். நம்ம வூட்லயே தமிழ் டீச்சர வச்சிக்கிட்டு நான் யாருகிட்ட போவேன்?”

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்.

என்ன நாடகம் என்பதையும் எழுதிவைக்கிறேன். ‘திங்கட்கிழமை’. கலெக்டர் ஆபீஸில் வாராவாரம் மனுவோடு வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணின் கதை. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணாக நடிக்க ஒத்திகை பார்த்தவள் நான். வசனம் முழுக்க இன்னமும் மனப்பாடம். பாத்திரம் தேய்க்கும்போது வாய்க்குள் ஓடும்.

இப்போது அந்த வேடம் அவளுக்கு. அவளைப் புகழ்ந்து ஐந்து வரி நான் எழுத வேண்டும்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதவில்லை. ஏன் எழுத வேண்டும்?

ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் தலை ஆறும் போலிருக்கிறது.

சிதம்பரத்தில் படித்தபோது கல்லூரி மேடையில் நடித்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் ரத்தினம்மாள் என் அம்மாவிடம், “நாடகம் கீடகம்னு திரியுற பொண்ணாமே, எங்க வூட்டுக்கு அது ஆவாது” என்றாராம். அம்மா தலையை ஆட்டிவிட்டார். நான் அப்போது உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாலி ஏறி மூன்று மாதம் கழித்து, ஒரு நாடகத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று இவரிடம் சொன்னபோதுதான் விஷயமே எனக்குத் தெரிந்தது. “அம்மா ஏற்கெனவே பேசிட்டாங்களே அறிவு” என்றார் இவர். எட்டு வருஷமாக என் கணவர் அருள்முருகனுக்கு இருப்பது அந்த ஒரு வசனம்தான்.

நாலு வருஷம் பொறுத்தேன். பிறகு செம்பியன் என்ற தோழர் கடலூரில் நாடகக் குழு ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சனிக்கிழமைகளில் ஒத்திகைக்குப் போனேன். திருட்டுத்தனம்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில்தான் நான் உயிரோடு இருந்தேன்.

ஒத்திகை நடந்த தெருவில் டியூஷனுக்கு வந்த சிந்துஜா என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்ததைச் சாப்பாட்டு நேரத்தில், ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். “அண்ணி ஸ்கூல்ல இல்லம்மா. மஞ்சக்குப்பத்துல டான்ஸ் மாதிரி ஏதோ ஆடிட்டு இருந்தாங்க.”

அன்றைக்கு மாமியார் சொன்னது: “கூத்தாடி வேஷம் போடத்தான் எம் மவனக் கட்டிக்கினியா?”

கூத்தாடி. அந்தச் சொல் அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு இன்னொரு பெயர் ஆகிவிட்டது. சாம்பாரில் உப்பு கூடினால் கூத்தாடி. பள்ளிக்கூடத்திலிருந்து வரத் தாமதமானால் கூத்தாடி. நான் விலகியதும் அந்த நாடகமும் நின்றுபோயிற்று.

போன வருஷம் அதே செம்பியன் தோழர் சிந்துஜாவின் கல்லூரியில் பயிற்சி நடத்தினார். இவள் நடித்தாள். ஷீல்டு வாங்கினாள். ஷீல்டு இப்போது டிவிக்குப் பக்கத்தில், சாமி படத்துக்கும் மேலே இருக்கிறது. மாமியார் தெருவெல்லாம் சொல்கிறார்: “எம் பொண்ணு ஆர்ட்டிஸ்ட்டு.”

நான் கூத்தாடி. அவள் ஆர்ட்டிஸ்ட். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். நாத்தனார் உடைத்தால் சட்டிக்கு ஷீல்டே கொடுப்பார்கள் போலிருக்கிறது.

5 ஆகஸ்ட், செவ்வாய்

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. வெளியே சிரிக்க முடியாது, அதனால் இங்கே.

மாமியார் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். “சிந்துவுக்குப் பயோடேட்டா எழுதுறியாமே. பூச நட்சத்திரம், கடக ராசி. ஒசரம் அஞ்சடி மூணு. மாநிறம்னு போட்டுவைக்காத, செவப்புன்னு போடு.”

“அத்தை, இது கல்யாணத்துக்கு இல்ல. நாடகத்துக்கு.”

“இருந்தா இன்னா? நாலு பேரு படிக்கிறதுதான. ஆடி முடிஞ்சதும் திட்டக்குடிலேர்ந்து வராங்க. அவுங்க கண்ணுலயும் படட்டும்.”

நாடகப் புத்தகத்தில் பூச நட்சத்திரம்! செம்பியன் தோழர் படித்தால் மயங்கி விழுவார். ஆனால் ஒன்று புரிந்துகொண்டேன். இந்த ஐந்து வரியை மாமியார் ஊர் முழுக்கக் காட்டப்போகிறார். அப்படியானால் அதில் என்ன எழுதலாம்?

8 ஆகஸ்ட், வெள்ளி

எட்டாம் வகுப்பில் இன்று அணி இலக்கணம். வஞ்சப் புகழ்ச்சி. புகழ்வதுபோல் பழிப்பது. ஒரு பையன் எழுந்து, “மிஸ், எங்க மாமா எங்கப்பாவப் பேசுறது பூரா இதுதான் மிஸ்” என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்போடு வேறொன்றும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரே மூச்சில் எழுதினேன்:

“கண்டவர் எல்லாம் கைதட்டும் நடிப்பு சிந்துஜாவுடையது. எந்த வேடம் போட்டாலும் இவர் இவராகவே தெரிவார். ஒத்திகை இவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. வசனத்தை நம்பி நடிப்பவர் அல்லர். இவரை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது எது என்று பார்ப்பவர்கள் வியப்பார்கள்.”

கண்டவர்! இதைவிட அழகான வார்த்தை தமிழில் உண்டா? பார்த்தவர்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கண்ட கண்டவர்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். எட்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் தமிழ் படித்ததற்குப் பலன் கிடைத்தது.

9 ஆகஸ்ட், சனி

மாமியார் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கண்டவங்க எல்லாம் கைதட்டுவாங்கன்னு எழுதிருக்கா பாரேன். என்னாதான் இருந்தாலும் படிச்சவ படிச்சவதான்.” சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டாயிற்று. கைகூப்பும் பொம்மைகள் வந்துகொண்டே இருக்கின்றன. இவர் ஷிப்ட் முடிந்து சிப்காட் கெமிக்கல் வாடையோடு வந்து படித்துவிட்டு, “சூப்பரா இருக்கு அறிவு” என்றார்.

சிந்துஜா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “தேங்க்ஸ் அண்ணி!”

திட்டினால்கூட உறைக்காத வீடு. இவர்களை எதைக் கொண்டு அடிப்பது?

10 ஆகஸ்ட், ஞாயிறு

செம்பியன் தோழர் போன் செய்தார். நாலு வருஷம் கழித்து அந்தக் குரல்.

“தோழர், வஞ்சப் புகழ்ச்சிய நானும் எட்டாவதுல படிச்சிருக்கேன்” என்றார். எனக்கு முகம் சுட்டது. அவர் சிரித்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா போட முடியாது. வேற எழுதுங்க. நேரம் இருக்கு, மண்டபத்துக்காரன்தான் அவசரம், பிரஸ்காரன் இல்ல.”

வைக்கும்போது, “வசனம்லாம் ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

திட்டக்குடிக்காரர்கள் இன்று வந்தார்கள். பையன் பாங்கில் வேலை. பையனின் அப்பாவுக்கு நெல்லும் கரும்பும். நல்ல மனிதர்கள்தான். வாழைத்தார் ஒன்று கொண்டுவந்தார்கள்.

சிந்துஜா அறைக்குள் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆமாம், மறுபடியும் காபி. இந்தமுறை காதைத் தீட்டிக்கொண்டு.

பையனின் அப்பா கேட்டார்: “பொண்ணு நாடகத்துல நடிக்குதாமே. இப்ப நடிக்கட்டும், கொழந்த ஆசப்படுது. கல்யாணத்துக்கப்புறம் எங்க பக்கத்துல அது சரிப்படாதுங்க.”

மாமியார் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. “அய்ய, அதெல்லாம் நாங்களே நிறுத்திடுவோம். செதம்பரத்தோட சரி. அதுதான் கடைசி.”

டம்ளர் என் கையிலேயே நின்றது. அதே பேச்சு. அன்றைக்கு இந்தப் பக்கம் என் அம்மா, அந்தப் பக்கம் மாமியார். இப்போது மாமியார் இந்தப் பக்கம்.

அவர்கள் போனதும் மாமியார் அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். “காதுல விழுந்திருக்கும். அவகிட்ட சொல்லிக்கினு இருக்காத. நாடகம் முடியட்டும், பூ வச்சப்புறம் பக்குவமா நான் சொல்லிக்கறேன்.”

“சரிங்க அத்தை” என்றேன்.

எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. அவளும் தெரிந்துகொள்ளட்டும். தாலி ஏறி மூன்றாம் மாதம், “அம்மா ஏற்கெனவே பேசிட்டாங்களே” என்று ஒரு பாங்க்காரன் சொல்லும்போது அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க இனித்தது. நான் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதற்கு இவ்வளவு ருசியா?

25 ஆகஸ்ட், திங்கள்

மதியம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதினேன். அணியும் வேண்டாம், அலங்காரமும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மாமியாருக்குப் புரிகிற தமிழில் எழுத வேண்டும். அவர் சொல்லையே எடுத்து, அவர் பெண்ணின் பெயருக்கு முன்னால் வைத்தேன்.

“சிந்துஜா கூத்தாடி. கடலூரில் பிறந்து வளர்ந்தவர், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். கூத்தாடி என்பதைச் சிலர் வசையாகச் சொல்வார்கள். இவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். கல்லூரிக்கு வெளியே இது இவருடைய முதல் நாடகம். படிப்பு, வேலை, கல்யாணம் எது வந்தாலும் மேடையை விடப்போவதில்லை என்கிறார்.”

கடைசி வரியை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் அப்படி என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. விடப்போவதில்லையாம்! இன்னும் மூன்றே வாரம். விட்டதே தெரியாமல் விட்டிருப்பாள். பிற்பாடு என்றைக்காவது இந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பாள் இல்லையா, அப்போது அந்த வரி அவளைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

முதல் வரி தாய்க்கு. கடைசி வரி மகளுக்கு.

26 ஆகஸ்ட், செவ்வாய்

செம்பியன் தோழருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டுவிட்டார். “இதான் தோழர்! கூத்தாடி. நம்மள அந்த வார்த்தையால அடிச்சவன் எத்தன பேரு. அத எடுத்து நெத்தியில வச்சீங்க பாருங்க. ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.”

அவருக்கு அது மாலை. மாமியாருக்கு அது செருப்பு. ஒரே சொல்.

சிந்துஜாவிடம், “மாத்தி எழுதிக் கொடுத்துட்டேன், பாக்குறியா?” என்று கேட்டேன். “நீங்க எழுதுனா கரெக்டாத்தான் அண்ணி இருக்கும்” என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

நான் கேட்டேன். அவள்தான் பார்க்கவில்லை.

5 செப்டம்பர், வெள்ளி

ஆசிரியர் தினம். இன்று லீவு என்பதால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நேற்றே பேனா கொடுத்தார்கள். எழுதுகிறது.

9 செப்டம்பர், செவ்வாய்

இன்று கொஞ்சம் ஆடிப்போனேன்.

மொட்டை மாடியில் வடாம் எடுத்துக்கொண்டிருந்தேன். சிந்துஜா மேலே வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். “அண்ணி, யாருகிட்டயும் சொல்லாதீங்க. செதம்பரம் முடிஞ்சதும் அடுத்த நாடகத்துக்கும் தோழர் என்னக் கூப்பிட்டிருக்காரு. பாண்டிச்சேரில. பெரிய ரோலு.”

“அம்மாகிட்ட சொன்னியா?”

“சொல்லல. அம்மா ஒத்துக்குவாங்க அண்ணி. ஷீல்டு வாங்குனதுலேர்ந்து அவுங்க எவ்ளோ மாறிட்டாங்க!”

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உங்கம்மா மாறவே இல்லையடி, உன்னை விற்றாயிற்று என்று சொல்லியிருக்கலாம். வடாம் தட்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

அவள் ரசம் பிசைந்துகொண்டே சொன்னாளே. அந்த ரசத்தின் வாசனைகூட எனக்கு மறக்கவில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும்?

13 செப்டம்பர், சனி

நாளைக்கு. மாமியார் பட்டுப்புடவை எடுத்து வைத்தாயிற்று. திட்டக்குடிக்காரர்களும் நேரே சிதம்பரம் வருகிறார்கள். நாடகம் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் போய்விட்டு, புரட்டாசி பிறப்பதற்குள் பூ வைப்பதற்கு நாள் பேசிவிடுவார்களாம்.

“புஸ்தகம் இருவது வாங்கிடு. சொந்தக்காரங்க கேப்பாங்க” என்றார்.

வாங்கிவிடலாம் அத்தை.

15 செப்டம்பர், திங்கள்

லீவு சொல்லிவிட்டேன். நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும். என் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் மறுபடி வராது.

மேல வீதிக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம். வாசலிலேயே புத்தகம் கொடுத்தார்கள். மாமியார் இருபது வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடி கொண்டுவரவில்லை, அதனால் படிக்கவில்லை. சிந்துஜாவின் போட்டோ வந்திருக்கும் பக்கத்தை மட்டும் திறந்து எல்லோருக்கும் காட்டினார். திட்டக்குடிக்காரர் ஒன்று வாங்கிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார்.

நாடகம் ஆரம்பித்தது.

சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் நன்றாக நடித்தாள். எரிச்சலாக இருந்தது, அவ்வளவு நன்றாக நடித்தாள். கடைசியில் மனுவை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, “அடுத்த திங்கக்கெழமையும் வருவேன்” என்று சொல்லும் இடம். நான் அழுவதுபோலச் சொல்லிப் பார்ப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள், கீரைக்காரி நாளைக்கு வருகிறேன் என்பதுபோல. மண்டபத்தில் இருமல்கூட இல்லை. என் கையும் தட்டிவிட்டது, நான் தட்டச் சொல்லவில்லை.

பிறகு செம்பியன் தோழர் மேடையேறி ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார், புத்தகத்தைப் பார்த்துப் படித்தே. கடைசியாக அவள். மைக்கில் கணீரென்று: “கூத்தாடி சிந்துஜா!”

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். விசில் வேறு.

நான் மேடையைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்தேன். தட்டுவதற்காக எடுத்த கை தட்டாமல் அப்படியே நின்றது. பக்கத்திலிருந்த அம்மாள், “உங்க பொண்ணா கூத்தாடி? பிரமாதமா நடிச்சது” என்றார். மாமியார் என் பக்கம் திரும்பினார். எட்டு வருஷமாக என்னைப் பார்த்ததிலேயே முதல் தடவையாக அவருக்கு என்னைப் பார்க்கப் பயம். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். சர்க்கரைப் பொங்கலாக இனித்தது.

அத்தோடு முடிந்திருந்தால் நான் நேற்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வெளியே செருப்பு விடுகிற இடத்தில் எல்லோரும் நின்றோம். சிந்துஜா மேக்கப்பைக் கலைக்காமல் ஓடிவந்தாள். திட்டக்குடிக்காரர் சுருட்டிய புத்தகத்தைப் பிரித்தார். கோபமில்லாமல்தான் கேட்டார்.

“ஏம்மா, கல்யாணம் வந்தாலும் மேடைய விடமாட்டேன்னு இதுல போட்டிருக்கே. நம்ம பேசுனது வேறயாச்சே?”

“என்னா பேசுனீங்க?” என்றாள் சிந்துஜா.

“அதொண்ணும் இல்ல, நீ வா” என்று மாமியார் அவள் கையைப் பிடித்தார்.

“இந்த நாடகத்தோட நிறுத்திடுவான்னு உங்கம்மாதாம்மா சொன்னாங்க.”

சிந்துஜா அம்மாவைப் பார்த்தாள். மாமியாருக்கு வேறு வழியில்லை. என்னைக் காட்டினார். “இவதான் எழுதுனா. பூரா இவ வேல! எம் பொண்ணு அப்படியெல்லாம் சொல்லமாட்டா. எட்டு வருசமா மனசுல வச்சிக்கினு இன்னிக்குக் கொட்டிட்டா!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார். மாமியார் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

சிந்துஜா அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தாள். ஐந்து வரி. முதல் தடவையாகப் படிக்கிறாள். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“நான் சொல்லச் சொல்லத்தான் அண்ணி எழுதுனாங்க. கூத்தாடின்னு போடச் சொன்னதும் நாந்தான்.”



17 செப்டம்பர், புதன்

திட்டக்குடியிலிருந்து போன். ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். கண்ணியமான மனிதர்கள், காரணத்தைக்கூடக் கண்ணியமாகச் சொன்னார்கள். மாமியார் போனை வைத்துவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அழுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. காபி போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். எடுக்கவில்லை. எடுக்கட்டும் என்று நானும் நினைக்கவில்லை.

துணி காயப்போடும்போது சிந்துஜா வந்தாள். கண் வீங்கியிருந்தது. “பையன் நல்லாத்தான் இருந்தாரு அண்ணி” என்றாள். “ஆனா நீங்க எழுதலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. எனக்காகத்தான எழுதுனீங்க? என் மனசுல இருந்தத எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு தலையாட்டல் போதும். எங்கம்மா ஆட்டியதுபோல.

“உனக்காக எழுதல” என்றேன். “அன்னிக்கு ஹால்ல பேசுனது எனக்குக் கேட்டுது. உன்ன நிறுத்தப்போறாங்கன்னு தெரியும். நீ ஏமாறணும்னுதான் அந்த வரிய எழுதுனேன்.”

“தெரிஞ்சும் என்கிட்ட சொல்லலயா?”

“சொல்லல.”

“ஏன் அண்ணி?”

“நீ சொன்னல்ல. அன்னிக்கு.”

அவளுக்கு எது என்று புரிய நேரமே ஆகவில்லை. அவளும் மறக்கவில்லை போல. துணி கவ்வியைக் கையில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டே சொன்னாள்.

“எனக்கு அப்ப பதினாறு வயசு அண்ணி. உங்களுக்கு இப்ப முப்பத்திரண்டு.”

போய்விட்டாள்.

18 செப்டம்பர், வியாழன்

முப்பத்திரண்டு.

21 செப்டம்பர், ஞாயிறு

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாலு வருஷம் போயிற்று எனக்கு. எட்டு வருஷம். அதை யார் கொடுப்பார்கள்? இந்தக் கேள்வியை அவளிடம் கேட்க மூன்று தடவை அறை வாசல் வரை போனேன். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தட்டவில்லை.

என்னிடமிருந்து பிடுங்கியது மாமியார். வெட்டு அங்கே போயிருக்க வேண்டும். நான் குறி பார்க்காமல் வீசினேன். தமிழ் டீச்சராம்.

4 அக்டோபர், சனி

செம்பியன் தோழர் பேசினார். புதுச்சேரி நாடகத்தில் இரண்டு பெண்கள், அக்காவும் தங்கையும். தங்கை சிந்துஜா. “அக்கா யாருன்னு நான் யோசிக்கவே இல்ல தோழர். அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு, எங்க அண்ணிக்கு வசனம் சீக்கிரம் மனப்பாடம் ஆவும்னு.”

போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் இந்த வீட்டில் என்னோடு பேசி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ‘குழம்பு எங்க’, ‘கரண்ட் பில் வந்துருக்கு’, அவ்வளவுதான்.

இவரிடம் சொன்னேன், அனுமதி கேட்கவில்லை, சொன்னேன். “நான் நடிக்கப்போறேன்.”

“அம்மாகிட்ட...” என்று இழுத்தார்.

“நீங்களே பேசிடுங்க மாமா. பொண்டாட்டி ஏற்கெனவே ஒத்துக்கிட்டான்னு சொல்லுங்க.”

எழுந்து போய் டிவியைப் போட்டார். பேசினாரா இல்லையா என்று தெரியவில்லை. எனக்கு அது இனிமேல் தேவையும் இல்லை.

11 அக்டோபர், சனி

இன்று முதல் ஒத்திகை. பழைய இடம்தான், மஞ்சக்குப்பம். ஷேர் ஆட்டோவில் போய்க்கொள்ளலாம் என்று பையை எடுத்து வைத்துவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தேன். வாசலில் சிந்துஜா ஸ்கூட்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. போகும் சத்தம் கேட்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து ஹாரன் அடித்தாள். மறுபடியும் அடித்தாள், நீட்டி.

ஹாலில் மாமியார் பூ கட்டிக்கொண்டிருந்தார். சிதம்பரத்துக்குப் பிறகு அவரும் என்னோடு நேராகப் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டார். “யாரக் கூப்புடுறா அவ?”

“என்னத்தான் அத்தை.”

“எங்க?”

“ஒத்திகைக்கு.”

கட்டிக்கொண்டிருந்த நார் அப்படியே நின்றது. வாயைத் திறந்தார். எந்தச் சொல் வருமோ அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்ததைப் பார்த்தேன். வாசலில் அவர் பெண் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

நான் உடனே போய்விடவில்லை. நின்று அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். பார்த்து முடித்த பிறகுதான் செருப்பை மாட்டினேன்.